தோட்டத்தில் குடியிருக்க: கீற்றா, ஷீட்டா, கன்டெய்னரா, கேரவனா?

ஒன்றரை ஏக்கரோ மூன்று ஏக்கரோ நிலம் வாங்கியாயிற்று. பத்திரம் பதிந்து, பட்டாவில் பெயர் மாறி, கம்பிவேலியும் போட்டாயிற்று. வீடு கட்டக் கையில் பணம் மிச்சமில்லை. பணம் இருந்தாலும் நிலத்தைச் சரியாகப் பழகாமல் கட்டுவதற்கு மனம் வரவில்லை. ஆனால் ஆள் அங்கே இருந்தால்தான் வைத்த கன்று பிழைக்கும், மோட்டாரும் ஒயரும் இடத்தில் இருக்கும், வேலைக்கு ஆளும் வரும். அதனால் இரண்டு மூன்று வருஷத்துக்குத் தங்க ஓர் இடம் வேண்டும். இந்த நிலையில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் பேசுகிறார்கள். பேச்சு எப்போதும் கூரையில்தான் தொடங்குகிறது. கீற்று போடலாமா, ஷீட் போடலாமா, கன்டெய்னர் இறக்கலாமா, கேரவன் மாதிரி ஒரு வேனைச் செய்து நிறுத்திவிடலாமா?

கூரையைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். அதற்கு முன் முடிவாக வேண்டியவை இரண்டு. தண்ணீரும் கழிப்பறையும் எங்கே வரப்போகின்றன? நிரந்தர வீட்டுக்கு நீங்கள் போன பிறகு இந்தத் தற்காலிகக் கட்டடம் என்ன வேலைக்கு ஆகும்? இவற்றுக்கு விடை தெரிந்தால் மேலே சொன்ன நான்கில் இரண்டு தாமாகவே கழிந்துவிடும்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கத்துச் செம்மண்ணிலிருந்து எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்தும் எங்கள் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் யார் கொட்டகை போட்டாலும் காற்றை நினைத்துத்தான் போடுகிறார்கள். உங்கள் நிலம் கரிசலில் இருந்தாலோ மலையடிவாரத்தில் இருந்தாலோ கணக்கு கொஞ்சம் மாறும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் கழிப்பறை, அதுவும் நிரந்தரமாக

தற்காலிக வீட்டில் தற்காலிகமாக இருக்கக் கூடாதது கழிப்பறை. "கொஞ்ச நாளைக்குத்தானே, காட்டுப்பக்கம் போய்க்கொள்ளலாம்" என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கூட வரும் மனைவியும் அம்மாவும் ராத்திரி தண்ணீர் குடிக்கவே யோசிக்கத் தொடங்குவார்கள். தோட்டத்துக்குக் குடிபோன குடும்பங்கள் சில மாதத்தில் ஊருக்குத் திரும்பியதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம்.

செம்மண்ணுக்கும் சரளை மண்ணுக்கும் இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை போதும். ஒரு மீட்டர் விட்டத்தில் இரண்டு வட்டக் குழிகள். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் இறங்கிவிடும். கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னத் தொட்டியில் பிரிந்து, ஒரு சமயத்தில் ஒரு குழிக்கு மட்டும் போகும். அது நிறைந்தால் அடைத்துவிட்டு மற்றதைத் திறந்துவிடலாம். மூடிய குழி இரண்டு வருஷம் கிடந்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கரிசலிலும் களிமண்ணிலும் இது சரிப்படாது, தண்ணீர் உறிஞ்சாமல் மேலே நிற்கும். அங்கே செப்டிக் டேங்க் கட்டுவதே நல்லது. காவிரிக்கரை ஊர்களைப் போல நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் இடத்தில் குழி தோண்டினால் கிணறு கெடும். முசிறியில் ஈகோசான் என்று சொல்லப்படும், மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரித்து உலரவைக்கும் கழிப்பறைகளை நடைமுறையில் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னால் வீடு எங்கே வரப்போகிறதோ, அந்த வீட்டுக்கும் உதவும் இடமாகப் பார்த்து இதைக் கட்டுங்கள். கழிப்பறை, குளியலறை, மேல்நிலைத் தொட்டி மூன்றையும் ஒரே தொகுப்பாகச் செங்கல்லில் கட்டிவிட்டால், அதன் பக்கத்தில் நீங்கள் போடும் கூரை எதுவானாலும் வாழ்க்கை நடக்கும்.

கீற்றுக் கொட்டகை

வெயிலுக்குக் கீற்றை அடிக்க ஒன்றும் இல்லை. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, சரியாக வேய்ந்த கீற்றின் கீழ் ஒரு நார்க்கட்டில் போட்டுப் படுத்துப் பார்த்தவர்கள் வேறு கூரையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். சவுக்குக் கால், மூங்கில் கை, பாளைக் கயிறு, முடைந்த கீற்று இருந்தால் போதும். ஊரில் வேய்கிற ஆள் இருந்தால் இரண்டு மூன்று நாளில் நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது சரிவு. நகரத்து ரெஸ்டாரன்ட் முற்றங்களில் அழகுக்காகப் போடும் கொட்டகை படுத்த மாதிரி இருக்கும். குடியிருக்கப் போடும் கீற்றுக்கூரை நிமிர்ந்து நிற்க வேண்டும். மழைத்துளி விழுந்த வேகத்திலேயே ஓடிவிட வேண்டும். ஓலைமேல் தங்கினால் அந்த இடம் ஒரே பருவத்தில் மக்கி, விரலால் குத்தினால் உதிரும். கீற்றை நன்றாக ஊறவைத்து முடைந்தார்களா என்பதையும் பாருங்கள். ஊறாத ஓலை வெயிலில் சுருண்டு இடைவெளி விடும். எவ்வளவு நெருக்கி வேய்ந்தாலும் தென்னங்கீற்றுக்கு ஆயுள் இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. பனையோலை அதைவிடக் கூடுதலாக நிற்கும். ஆனால் பனையேறி ஓலை வெட்டித் தரும் ஆள் எல்லா ஊரிலும் இப்போது இல்லை. கஜாவுக்குப் பின் எங்கள் பக்கம் தென்னங்கீற்றுக்கே வெளியூரைப் பார்க்க வேண்டியிருந்தது.

எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இதைவிடப் பெரிய பயம் தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றில் ஏறி 94 குழந்தைகளின் உயிரை எடுத்தது. தமிழ்நாட்டில் கீற்றுக்குக் கீழ் அடுப்பு வைக்க நினைக்கும் எவரும் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். சமையலுக்குத் தனி இடம், அதற்கு ஷீட் கூரை, இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஒயரைக் கீற்றுக்குள் செருகிக் கொண்டுபோகாமல் குழாய்க்குள் விட்டுக் காலோடு இறக்க வேண்டும். தீபாவளி ராத்திரி கூரை மேல் தண்ணீர் தெளித்து நனைத்து வைப்பது எங்கள் ஊரில் இன்றும் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து வரும் நமக்குக் கீற்று ஒரு விருப்பம். பக்கத்துத் தெருவில் மூன்று தலைமுறையாகக் கீற்றின் கீழ் இருக்கும் குடும்பத்துக்கு அப்படி இல்லை. குடிசையில்லாத் தமிழ்நாடு என்று சொல்லி 2030-க்குள் எட்டு லட்சம் வீடு கட்டித் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று 2024-ல் தொடங்கினார்கள். அவர்கள் கான்கிரீட் மெத்தை வீட்டை விரும்புவதும், ஒவ்வொரு ஐப்பசியிலும் நனைந்த பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவத்தால்தான். கீற்றைப் புகழ்ந்து அவர்களிடம் பேசாதீர்கள்.

ஷீட் கொட்டகை

தோட்டங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். இடுப்பளவோ முழு உயரமோ ஹாலோபிளாக் சுவர், இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே கலர் ஷீட். நான்கு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, காரணம் பின்னால் கிடைக்கும் பயன். நீங்கள் வீடு கட்டிப் போன மறுநாள் இது மாட்டுக் கொட்டகை. இல்லையென்றால் கடலைமூட்டை அடுக்கும் இடம், டிராக்டர் நிற்கும் இடம், வேலையாட்கள் மழைக்கு ஒதுங்கும் இடம். எந்தத் தோட்டத்துக்கும் ஒரு ஷீட் கொட்டகை எப்படியும் தேவைப்படும். அதை முன்கூட்டியே கட்டி, கொஞ்ச காலம் அதில் குடியிருக்கிறீர்கள். செலவு வீணாகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை.

குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சூடு. பத்து மணிக்கு மேல் தகரம் காய்ந்து கீழே அனலை இறக்கும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இதற்கு ஊரில் இருக்கும் எளிய வழி, ஷீட்டுக்கு மேல் கீற்றைப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டிவிடுவது. மழையை ஷீட் தடுக்கும், வெயிலைக் கீற்று தடுக்கும். கீற்று மக்கினாலும் வீடு ஒழுகாது. கூரையை ஒன்பது பத்து அடிக்குக் குறையாமல் உயர்த்தி, மேலே காற்றுப் போக வலை விட்டால் இன்னும் நல்லது. ஷீட் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தாலும் சூடு கொஞ்சம் குறையும். ஆனால் அதை அவ்வப்போது மறுபடி அடிக்க வேண்டும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஷீட் பறப்பதற்கு ஆடி வரை காத்திருக்க வேண்டியதில்லை. கஜாவில் பறந்த கூரைகளில் நான் பார்த்த பலவற்றில் ஷீட் கிழியவில்லை, சட்டத்தோடு தூக்கி எறியப்பட்டிருந்தது. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்துவிட்ட கொட்டகைக்குத்தான் ஆபத்து அதிகம். உள்ளே நுழைந்த காற்று வெளியே போக வழியின்றிக் கூரையை மேலே தள்ளும், மேலே ஓடும் காற்றும் அதே திசையில் இழுக்கும். அதனால் தூணை மண்ணில் வெறுமனே நட்டு விடாமல், இரண்டரை அடிக் குழியில் கான்கிரீட் போட்டு அதில் ஊன்ற வேண்டும். குறுக்குச் சட்டம் தூணோடு பற்றவைத்து இருக்க வேண்டும். ஓரத்து வரிசையில் போல்ட்டை நெருக்கமாகப் போட வேண்டும், காற்று முதலில் பிய்க்கப் பார்ப்பது ஓரத்தைத்தான். வெல்டிங் செய்கிறவர் "இது போதும் சார்" என்று சொல்லும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கேளுங்கள்.

பழைய சிமென்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வராதீர்கள். தகரத்தைவிடச் சூடு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடையும்போதும் கிளம்பும் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். குழந்தைகள் விளையாடும் வாசலில் அந்தத் துண்டுகள் கிடக்கக் கூடாது.

கன்டெய்னர்

இந்தப் பெயரில் விற்பவை இரண்டு வகை. ஒன்று தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களில் ஓடிக் கழித்த உண்மையான கப்பல் பெட்டி. மற்றது, இரும்புச் சட்டத்தில் தடுப்புப் பேனல் வைத்துப் பட்டறையில் புதிதாகச் செய்யும் போர்ட்டா கேபின். குடியிருக்க இரண்டாவதே மேல். கதவு, ஜன்னல், ஒயரிங், வெப்பத் தடுப்பு எல்லாம் சேர்ந்தே வரும். சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பார்கள். அதை நல்ல ஷீட் கொட்டகையின் செலவோடு வைத்துப் பாருங்கள்.

கப்பல் பெட்டியின் மேல் ஆசைப்படுபவர்கள் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது அடிப் பெட்டி வெளியே எட்டடி அகலம், எட்டரை அடி உயரம். உள்ளே அகலம் ஏழடி எட்டங்குலம்தான், உயரம் ஏழடி பத்தங்குலம். சுவருக்கும் கூரைக்கும் இரண்டிரண்டு அங்குலம் வெப்பத் தடுப்பு வைத்து மேலே பலகை அடித்தால், உயரமான ஆள் கையைத் தூக்கிச் சட்டை போட்டால் மின்விசிறியில் இடிக்கும். வெப்பத் தடுப்பு வைக்காவிட்டால் சித்திரையில் பகல் முழுக்க உள்ளே இருக்கவே முடியாது. அதன் இரட்டைக் கதவு வெளியிலிருந்து மட்டும் பூட்டும் அமைப்புள்ளது, எனவே பக்கவாட்டில் வேறு கதவு வெட்டியே ஆக வேண்டும். சுவரின் மடிப்புகள்தான் பெட்டிக்குப் பலம். ஜன்னலுக்கு வெட்டினால் சுற்றிலும் இரும்புச் சட்டம் பற்றவைக்காமல் விடக் கூடாது. தரைப் பலகைக்குக் கப்பல் பயணத்துக்காகப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் அறைந்திருக்கும் தகட்டில் அந்த மருந்தின் விவரம் இருக்கும். அதைப் படித்துவிட்டு, பலகையை மாற்றுவதா மேலே மூடிவிடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

எந்த வகையானாலும் நிலத்துக்கு வந்து சேருவதுதான் பெரிய வேலை. காலிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். டிரெய்லர் வரும் அளவுக்கு வண்டிப்பாதை அகலமா, திருப்பத்தில் கல்வெர்ட்டு தாங்குமா, கிரேன் கை தூக்கும் இடத்தில் மின்கம்பி போகிறதா? பாதை வேறொருவர் பட்டாவில் இருந்தால், பெட்டி வரும் நாளில்தான் அவருக்குக் கோபம் வரும். நான்கு மூலைக்கும் ஒன்றரை அடி உயரக் கான்கிரீட் பீடம் போட்டு அதன் மேல் வையுங்கள், அடிப்பக்கம் துருப்பிடிக்காது. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும், அங்கே பீடத்தை ஆழமாகப் போடாவிட்டால் ஒரு மூலை இறங்கிக் கதவு மூடாது.

அப்படியானால் யாருக்கு இது நல்லது? குத்தகை நிலத்தில் இருப்பவருக்கு. குத்தகை முடிந்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம், இல்லையென்றால் விற்றுவிடலாம். வாரத்தில் நான்கு நாள் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவருக்கும் நல்லது. கருவி, ஸ்பிரேயர், ஒயர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டினால் எளிதில் உடைக்க முடியாது. வாங்கினால் தவறாமல் அதற்கு மேல் இரண்டடி உயர்த்தித் தனியாகக் கீற்றுப் பந்தல் போடுங்கள். இரும்பில் நேரடி வெயில் படாமல் செய்வது, உள்ளே ஏசி போடுவதைவிட முக்கியம்.

கேரவன்

சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் கேரவனைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், அதன் பக்கத்தில் நாள் முழுக்க ஓடும் ஜெனரேட்டரையும் பார்க்க வேண்டும். அது நின்றால் வண்டி வெறும் தகரப் பெட்டி. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்து, வாகமணில் நிறுத்துமிடமும் திறந்தார்கள். அது இரண்டு நாள் வந்து போகிறவர்களுக்கானது. அங்கே மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீர் வாங்கும் வசதியும் தயாராக இருக்கும். உங்கள் தோட்டத்தில் இவற்றை நீங்கள்தான் செய்ய வேண்டும். செய்துவிட்டால் வண்டி எதற்கு?

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். கிராமக் குடிநீருக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஓர் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். வேனில் வைக்கும் நூறு லிட்டர்த் தொட்டி இரண்டு பேருக்கு ஒரு நாள்கூட வராது. பழைய வேனை வாங்கி உள்ளூர்ப் பட்டறையில் மாற்றுவது மலிவாகத் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. முறையான கேரவனுக்குத் தனித் தர விதி உண்டு. ஆர்.சி.யில் பதியாத மாற்றத்தோடு விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கை கொடுக்கும் என்று நம்ப முடியாது. ஓடாமல் நிற்கும் வண்டிக்கு டயரும் பேட்டரியும் கெடும், எலி ஒயரைக் கடிக்கும்.

இன்னும் நிலம் வாங்காமல் தேனி, திண்டுக்கல், தென்காசி என்று மாதக்கணக்கில் சுற்றிப் பார்ப்பவருக்குக் கேரவன் பொருத்தம். நிலம் வாங்கியவருக்கு அந்தப் பணத்தில் சின்ன வீடே எழும்பும்.

யாரும் கேட்காத ஐந்தாவது வழி

ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். முதல் வருஷத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். கிராமத்தில் வாடகை அதிகம் இருக்காது. பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகளும் உண்டு, பையன் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பான், வீட்டைப் பெருக்கி விளக்கேற்ற ஆள் வந்தால் போதும் என்று கொடுப்பார்கள். உங்களுக்குக் கதவு எண் கிடைக்கும். கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எல்லாம் அந்த எண்ணைத்தான் கேட்கும். தோட்டத்தில் நிற்கும் பெட்டியும் வண்டியும் அதைத் தராது.

அதைவிடப் பெரிய லாபம், ஊர் உங்களைப் பார்த்துப் பழகும். டீக்கடையில் உட்கார்ந்து பக்கத்து நிலத்துக்காரரிடம், "ஐயா, அடைமழையில நம்ம இடத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டால், அந்தப் புளியமரத்து வேரைக் காட்டிச் சொல்லிவிடுவார். அந்தத் தகவல் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒரு ஐப்பசி கார்த்திகையை ஊர் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கே நின்றது, எந்தப் பக்கம் ஓடியது என்று குச்சி நட்டுக் குறித்த பிறகு கொட்டகைக்கு இடம் பாருங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் எந்த ஊருக்கும் வரலாம்.

மின்சாரம், பாம்பு, அனுமதி

இலவச விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது பரவலாக நடக்கிறது. மோட்டார் அறைக்கு விளக்கு போட்டுக்கொள்ளலாம், அதில் குடித்தனம் நடத்துவது விதிமீறல். பறக்கும் படை வந்தால் அபராதத்தோடு போகாது, இணைப்புக்கே ஆபத்து. வீட்டு இணைப்புக்கு மனு போட்டுவிட்டு, அது வரும்வரை சோலாரில் இருங்கள். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு நான்கு யூனிட் தரும். இரண்டு மூன்று சிக்கன மின்விசிறி, விளக்கு, போன், சின்ன பிரிட்ஜ் ஓட அது போதும், மோட்டாரும் ஏசியும் அதில் வேண்டாம்.

பாம்பைப் பற்றிப் பலர் நல்லபாம்பைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். தரையில் படுப்பவர்களுக்கு அதைவிட ஆபத்து கட்டுவிரியன். ராத்திரி நடமாடும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது, வயிற்றுவலி என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், விடிவதற்குள் மூச்சு நின்றுவிடும். எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் கட்டிலில் படுங்கள், கொசுவலையைக் கட்டி ஓரத்தை மெத்தைக்குக் கீழ் செருகுங்கள், டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். விறகும் கல்லும் சுவரோரம் குவிக்க வேண்டாம். விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதைக் குடிவரும் முன்பே விசாரியுங்கள். 108-க்கு வழி சொல்ல ஓர் அடையாளமும் வேண்டும்.

தனிமைப் பாதுகாப்பும் பேச வேண்டியதுதான். கொங்குப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் சாளை எனப்படும் தோட்டத்து வீட்டில் தைரியமாக இருந்தவர்கள், 2024-ல் பல்லடம் அருகிலும் 2025-ல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு ராத்திரி பயந்து படுக்கிறார்கள். வயதானவர்களை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு இருக்கிற பக்கமாகக் கொட்டகையைப் போடுங்கள்.

அனுமதி விஷயத்தில், "சக்கரம் இருக்கு, அஸ்திவாரம் இல்ல, பர்மிஷனே வேண்டாம்" என்று விற்பவர் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவு அனுமதி கேட்கிறது, நஞ்சை என்றால் ஆட்சியரின் இசைவும் தேவை. நீலகிரி, கொடைக்கானல், கோவை மலையடிவாரக் கிராமங்களில் மலையிடப் பாதுகாப்பு விதிகள் தனி, யானை வழித்தடம் தனி. அங்கே எதையும் இறக்குமுன் வனத்துறையிடமும் பேசுங்கள். புல வரைபடத்தை வைத்து, கொட்டகை வரும் இடத்தில் வாய்க்கால் புறம்போக்கோ ஓடையோ குறுக்கிடவில்லை என்பதை அளந்து பார்த்துவிடுங்கள்.

தோட்டத்தில் நீங்கள் இல்லாமல் ஒரு வேலைக் குடும்பம் தங்கப்போகிறது என்றால் மேலே சொன்னதில் ஒன்றையும் குறைக்காதீர்கள். முதலாளிக்குக் கன்டெய்னரில் ஏசி, வேலையாளுக்கு மோட்டார் அறை என்று பல தோட்டங்களில் பார்க்கிறேன். மே மாதப் பகலில் நீங்கள் ஒரு மணி நேரம் படுத்திருக்க முடியாத இடத்தில் இன்னொருவர் பிள்ளையைத் தூங்க வைக்கக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கும் கழிப்பறை வேண்டும், கட்டில் வேண்டும், கீற்றுப் போட்ட கூரை வேண்டும்.

சொந்த நிலம், இரண்டு மூன்று வருஷம் தங்கும் எண்ணம், பின்னால் வீடு கட்டும் யோசனை என்று இருப்பவருக்கு என் வரிசை இதுதான். ஊரில் வாடகை வீடு, தோட்டத்தில் நிரந்தரக் கழிப்பறையும் தண்ணீரும், அடுத்து மேலே கீற்றுப் பரப்பிய ஷீட் கொட்டகை. மழை ஓய்ந்த தை மாதத்தில் குழி தோண்டத் தொடங்கினால் மண் ஈரமாக இருக்கும், ஆளும் கிடைக்கும். மாசி பங்குனியில் சட்டம் நின்றுவிடும். கீற்றை மே மாதம் நான்காம் தேதி கத்திரி தொடங்குவதற்கு முன் ஏற்றிவிடுங்கள், ஆடிக்காற்றுக்கு முன் கயிற்றை ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். ஐப்பசிக்குள் ஓரத்துப் போல்ட்டுகளைத் திரும்பவும் முறுக்கிவிட்டால் சாமான்களை ஏற்றிக்கொண்டு குடிபோகலாம்.